ஐம்பது மீட்டரில் ஓர் ஈயக்குண்டு

துப்பாக்கி சுடப் பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "சார், இது எவ்வளவு ஸ்பீடு போகும்?" கையில் பாயின்ட் டூ டூ பிஸ்டல் இருக்கும். மேசைமேல் இரண்டு மூன்று விதத் தோட்டாப் பெட்டிகள் இருக்கும். எந்தப் பெட்டியில் அதிக வேகம் அச்சிட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். வேகமாகப் போகிற குண்டு நேராகவும் போகும் என்று சினிமா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கோவைப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் நானும் சுடுகிறேன், பழக வருகிறவர்களுக்கு என்னால் ஆனதைச் சொல்லியும் தருகிறேன். சிறு துவாரக் கைத்துப்பாக்கியால் தொலைவில் உள்ள இலக்கைச் சுடும்போது வேகத்துக்கு என்ன இடம், துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் பதக்கச் செய்திகள் வருகின்றன. குண்டு எப்படிப் போகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

முதலில் தோட்டாவைப் பார்த்துவிடுவோம். பாயின்ட் டூ டூ என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் 22 பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர் விட்டம். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பாயின்ட் டூ டூ லாங் ரைஃபிள் தோட்டாவை அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887-இல் கொண்டுவந்தது. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலிலும் இதேதான். முழுத் தோட்டாவும் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். நுனியில் 2.6 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு, அதன்மேல் மெழுகுப் பூச்சு. பித்தளைக் கூட்டுக்குள் ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெடிமருந்து. தீப்பற்ற வைக்கும் ரசாயனம் கூட்டின் அடி விளிம்புக்குள் வட்டமாகப் பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் தீப்பொறி கிளம்பும். இத்தனை சிறிய பொருளைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை அபாயம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். உரிமமும், பின்னால் மண்மேடு உள்ள ரேஞ்சும், பொறுப்பாளரும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

கைத்துப்பாக்கிக்கு எது தொலைவு? ரைஃபிள்காரர்களுக்கு 300 மீட்டரும் உண்டு, 1000 கெஜமும் உண்டு. ஒரு கையை நீட்டி, எதன்மீதும் சாயாமல், நின்றபடி சுடும் பிஸ்டல்காரருக்கு 50 மீட்டரே மலை. அந்தப் போட்டிக்கு 50 மீட்டர் பிஸ்டல் என்று பெயர். பழகியவர்கள் ஃப்ரீ பிஸ்டல் என்பார்கள். இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். கறுப்பாகத் தெரியும் வட்டம் முழுவதும் 20 சென்டிமீட்டர்தான். மொத்தம் 60 குண்டுகள், முழு மதிப்பெண் 600. துப்பாக்கிக்கு எடை வரம்பு கிடையாது. டிரிகர் இவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது, சில பத்து கிராம் அழுத்தமே போதும். மரக்கைப்பிடியை அவரவர் கைக்குச் செதுக்கிக்கொள்ளலாம், கையுறை போட்டதுபோலக் கை முழுவதும் அதற்குள் போய்விடும். மணிக்கட்டை மட்டும் அது தாங்கக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடலாம். ரஷ்யாவின் துலா நகரத்து டோஸ் 35, சுவிட்சர்லாந்தின் ஹேமர்லி, மோரினி, இத்தாலியின் பார்தினி ஆகியவை இந்த வகையில் புகழ்பெற்றவை.

இந்த 50 மீட்டரில் துல்லியத்தைக் கெடுப்பவற்றில் முதல் இடம் வேகத்துக்கு இல்லை. முதல் இடம் கண்ணுக்கும் இலக்குக்கும் நடுவில் உள்ள முன் சைட்டுக்கு. பின் சைட்டில் ஒரு பள்ளம், முன் சைட்டில் ஒரு சிறு தூண். தூண் பள்ளத்தின் நடுவில், மேல்மட்டம் சமமாக நிற்க வேண்டும். ஃப்ரீ பிஸ்டலில் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 36 சென்டிமீட்டர் இருக்கும். முன் சைட் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால் 50 மீட்டரில் குண்டு எவ்வளவு ஒதுங்கும்? எட்டாம் வகுப்பு முக்கோணக் கணக்குதான். 50 மீட்டரை 0.36-ஆல் வகுத்தால் 139 வரும். அதாவது கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர். பத்துக்குள் போட வேண்டுமானால் முன் சைட் நடுவிலிருந்து 0.18 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. இரண்டு தலைமுடிகளைச் சேர்த்து வைத்த அகலம் அது.

இதனால்தான் பழையவர்கள், "டார்கெட்டைப் பார்க்காதே, முன் சைட்டைப் பார்" என்று ஓயாமல் சொல்வார்கள். கை மொத்தமாக ஆடுவதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். சைட்டுகள் இரண்டும் ஒழுங்காக இருக்க, கை மட்டும் இணையாக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கிலும் 5 மில்லிமீட்டர்தான் நகரும். மணிக்கட்டு ஒரு நூலளவு மடங்கினால் அது 139 மடங்காகப் பெருகிவிடும். டிரிகரை வெடுக்கென்று இழுப்பவர்களுக்கு நேர்வது இதுதான்.

2016 ரியோ ஒலிம்பிக்கின் 50 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் தென்கொரியாவின் ஜின் ஜோங் ஓ ஒரு குண்டுக்கு 6.6 வாங்கினார். உலகின் தலைசிறந்த பிஸ்டல்காரர் அவர். அந்தக் குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் முன் சைட்டில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை, 0.8தான். அந்தக் குண்டுக்குப் பிறகும் அவர் தங்கம் வென்றார், இறுதிச் சுற்றில் மொத்தம் 193.7. 2008, 2012, 2016 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் ஒரே தனிநபர் போட்டியில் தங்கம் வாங்கிய முதல் துப்பாக்கி சுடும் வீரர் அவர். அந்த 6.6-க்கு அடுத்த குண்டைச் சுடுவதற்காக அவர் கையை உயர்த்திய விதத்தை என் பிள்ளைகளுக்குக் காணொளியில் அடிக்கடி போட்டுக் காட்டுவேன்.

இனி வேகத்துக்கு வருவோம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் நீண்ட ரைஃபிள் குழலில் அளந்தது. போட்டித் தோட்டாக்களுக்கு அது நொடிக்கு 325 மீட்டரை ஒட்டி இருக்கும். பிஸ்டலின் குழல் குட்டை. மருந்தின் அழுத்தம் குண்டைத் தள்ளுவதற்குக் கிடைக்கும் தூரம் குறைவு. எனவே அதே தோட்டா பிஸ்டலிலிருந்து 290, 300 என்றுதான் வெளிவரும். எங்கள் கிளப்பில் இதை அளக்க குரோனோகிராஃப் வைத்திருக்கிறோம். குழலுக்கு முன்னால் இரண்டு ஒளி உணரிகள், குண்டின் நிழல் ஒன்றைக் கடந்து மற்றதைக் கடக்கும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும்.

290 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்க 0.18 நொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் புவியீர்ப்பு அதை 15 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். 15 சென்டிமீட்டர் என்றால் பத்திலிருந்து ஐந்துக்கு இறங்கிவிடும் தூரம். இது பெரிய விஷயமே இல்லை. பின் சைட்டை அதற்கேற்ப உயர்த்தி வைத்தால் முடிந்தது. எல்லாக் குண்டும் அதே 15 சென்டிமீட்டர் விழும் என்றால் விழட்டும். ஒரு குண்டு 300-இல் கிளம்பி அடுத்தது 280-இல் கிளம்பினால்தான் தொல்லை. முதலாவது பதினாலரை சென்டிமீட்டர் விழும், இரண்டாவது பதினாறரை. கையும் கண்ணும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்திருந்தாலும் இரண்டு குண்டுகளுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் இடைவெளி. 5 சென்டிமீட்டர் வட்டத்தில் 2 சென்டிமீட்டரைத் தோட்டாவே தின்றுவிட்டது.

தொலைவு கூடினால் இந்த இடைவெளி ஒரே சீராகக் கூடாது, தாவித் தாவிக் கூடும். விழும் தூரம் நேரத்தின் இருபடியாக வளர்வதுதான் காரணம். அதே 20 மீட்டர் வேக வித்தியாசம் 100 மீட்டரில் 8 சென்டிமீட்டருக்கு மேல் கொண்டுபோகும். 200 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு முழம். ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டி, ஒரே கை, ஆனாலும் ஒரு முழம் மேலும் கீழும். வேகத்தைக் கூட்டுவதால் இது சரியாகாது. வேகத்தை ஒரே மாதிரி ஆக்கினால்தான் சரியாகும்.

போன ஆண்டு ஒரு கல்லூரி மாணவி வந்து, "ஏனுங்க சார், இந்த பாக்ஸ் மட்டும் மேலயும் கீழயும் அடிக்குது? பக்கவாட்டுல சரியாத்தானே இருக்குது?" என்றாள். அட்டையை வாங்கிப் பார்த்தேன். குண்டுத் துளைகள் செங்குத்தாக ஒரு கோடு போட்டதுபோல இருந்தன. பக்கவாட்டில் சிதறியிருந்தால் டிரிகர் விரலைச் சந்தேகித்திருப்பேன். செங்குத்தாக நீண்டிருந்தால் மூச்சு ஒரு காரணமாக இருக்கலாம், தோட்டா இன்னொரு காரணம். "துப்பாக்கியைக் கட்டிப் பார்த்திரலாம் வா" என்றேன்.

துப்பாக்கியைக் கட்டிப் பார்ப்பது என்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கனமான இரும்புப் பிடியில் பிஸ்டலை இறுக்கி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவோம். மனிதக் கை இப்போது நடுவில் இல்லை. முதலில் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட வேண்டும். தோட்டா மாறினால் குழலுக்குள் ஒட்டியிருக்கும் மெழுகும் மாறும், பழைய மெழுகு போய்ப் புதியது படியும் வரை முடிவை நம்பக் கூடாது. பிறகு ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பத்துப் பத்தாக ஒரே அட்டையில், ஒரே புள்ளியில். அன்று அந்த மாணவி கொண்டுவந்த பெட்டிக்குத் துளைகள் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டன. அலமாரியில் இருந்த போட்டித் தோட்டாவில் ஒரு பெட்டி எடுத்து அதே இடத்தில் போட்டோம். பத்துக் குண்டும் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து, ஓரம் கிழிந்த ஒரே துளையாகிவிட்டது. வெர்னியர் காலிப்பரால் அளந்தால் அகலம் ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டி நின்றது. குரோனோகிராஃபில் முதல் பெட்டியின் எண்கள் 276-லிருந்து 301 வரை அலைந்தன. இரண்டாவது பெட்டி 288-க்கும் 294-க்கும் நடுவில் நின்றது. அவள் அந்த எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, கூட்டிக் கழித்து, விழும் தூரத்தைத் தானே கணக்குப் போட்டு என்னிடம் காட்டினாள். இயற்பியல் வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

ஏன் இப்படிப் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது? மருந்து பத்தில் ஒரு கிராம் என்றேன். அந்த அளவில் ஓரிரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் வேகத்தில் தெரியும். விளிம்புக்குள் பரப்பிய ரசாயனம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், ஊசி எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து எரிதல் மாறும். பெரிய துவாரத் துப்பாக்கிக்காரர்கள் வெற்றுக் கூட்டில் தாங்களே மருந்தை நிறுத்துப் போட்டுக்கொள்ள முடியும். விளிம்பில் தட்டும் இந்தச் சிறு தோட்டாவை அப்படி மீண்டும் நிரப்ப முடியாது. தொழிற்சாலை தந்ததுதான் தலையெழுத்து. அதனால்தான் இங்கிலாந்தின் ஈலி, ஃபின்லாந்துப் பெயரான லாபுவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். போன்றவர்களின் போட்டித் தோட்டாக்களை வாங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள தொகுதி எண்ணைப் பார்க்கிறார்கள். ஒரே இயந்திரம் ஒரே மருந்துக் குவியலிலிருந்து செய்த தொகுதி அது. தன் துப்பாக்கிக்கு ஒரு தொகுதி ஒத்துப்போனால், காசு இருக்கிறவர்கள் அந்தத் தொகுதியில் கிடைப்பதை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பக்கத்து லேன்காரரின் துப்பாக்கிக்கு அதே தொகுதி ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

வேகம் மாறினால் பிஸ்டலில் இன்னொரு விளைவும் உண்டு. சுட்டவுடன் குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒன்றரை பங்கு. அதற்குள்ளேயே துப்பாக்கி பின்னுக்கு உதைத்து, முனை மேலே எழத் தொடங்கிவிடும். மெதுவான குண்டு சற்றுப் பிந்தி வெளிவருவதால் சற்று உயர்ந்த முனையிலிருந்து கிளம்பும். பாயின்ட் டூ டூவில் இது சிறிது. பெரிய ரிவால்வர்களில் கிட்டத்தில் உள்ள இலக்குகளில் மெதுவான குண்டு உயரத்தில் போய்ப் படுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

சரி, ஒரே சீரான வேகம் வேண்டும் என்றால், ஒரே சீரான அதிக வேகம் இன்னும் நல்லதுதானே? பிள்ளைகள் இங்கே என்னை மடக்குவார்கள். இந்தத் தோட்டாவின் அழகே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

காற்றில் ஒலி 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர் போகும், 20 டிகிரியில் 343. குண்டின் வேகம் இந்த எல்லையை நெருங்க நெருங்க அதன் முன்னால் காற்று விலக வழியில்லாமல் நெருக்குண்டு அதிர்வலையாகிறது. காற்றுத் தடை திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் பாயின்ட் டூ டூ குண்டு, சில பத்து மீட்டருக்குள்ளேயே மொத்துண்டு வேகத்தை இழந்து, ஒலி எல்லையைக் கீழ்நோக்கிக் கடக்கும். கடக்கும் நேரத்தில் குண்டு லேசாகத் தலையாட்டும். போட்டித் தோட்டாக்களை ஒலிக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி செய்வதற்குக் காரணம் இந்தத் தடையும் தலையாட்டமும்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காற்றை வைத்துச் சொன்னால் நன்றாகப் புரியும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று திறந்த ரேஞ்சில் கொடியைப் படுக்க வைத்துவிடும். பக்கக் காற்று குண்டை எவ்வளவு ஒதுக்கும்? குண்டு எவ்வளவு நேரம் பறக்கிறதோ அதைப் பொறுத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் வேகமான குண்டு குறைவாக ஒதுங்க வேண்டும். இந்தத் தோட்டாவில் நடப்பது அதற்கு நேர் எதிர். பக்கக் காற்றில் பறக்கும் குண்டு காற்று வரும் திசைக்கு மூக்கைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறது. அப்போது அதைப் பின்னால் இழுக்கும் தடையின் ஒரு பகுதி பக்கவாட்டிலும் இழுக்கிறது. ஆகவே குண்டு தடையால் எவ்வளவு நேரத்தை இழக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஒதுக்கம். காற்றே இல்லாத வெற்றிடத்தில் போனால் ஆகும் நேரத்தை உண்மையான நேரத்திலிருந்து கழித்து, மீதியைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒதுக்கம் வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீரங்கிக்காரர்கள் கண்டுபிடித்த கணக்கு.

ரைஃபிள் குழலிலிருந்து 380 மீட்டரில் கிளம்பும் அதிவேகத் தோட்டாவையும், 326 மீட்டரில் கிளம்பும் சாதாரணத் தோட்டாவையும் 100 மீட்டரில் ஒப்பிட்டுப் பாருங்கள். நொடிக்கு 3 மீட்டர் பக்கக் காற்றில் அதிவேகக் குண்டு 10 சென்டிமீட்டர் ஒதுங்கும். மெதுவான குண்டு 7 சென்டிமீட்டர்தான். முந்திப் போய்ச் சேர்ந்த குண்டுதான் அதிகம் அலைக்கழிகிறது, வழியில் அதிக வேகத்தைப் பறிகொடுத்தது அதுதானே. எத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் இந்த விடை எனக்கு இன்றும் சலிக்கவில்லை. பிஸ்டலில் 290-இல் கிளம்பும் குண்டு அதே காற்றில் 100 மீட்டரில் 6 சென்டிமீட்டரை ஒட்டியும், 50 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்குள்ளும் ஒதுங்கும். ஆடி மாதத்தில் கொடியைப் பார்க்காமல் கையை உயர்த்தாதீர்கள் என்று நான் சொல்வதன் காரணம் அந்த 2 சென்டிமீட்டர்.

வெப்பமும் சேர்ந்துகொள்ளும். 35 டிகிரி வெயிலில் ஒலி 352 மீட்டர் வேகம் போகும். ஐரோப்பியக் குளிரில் ஒலி எல்லையை உரசும் தோட்டா இங்கே நன்றாக உள்ளே அடங்கிவிடும். அந்த வகையில் நம் தட்பவெப்பம் நமக்கு உதவி. உபத்திரவமும் உண்டு. வெயிலில் கிடக்கும் பெட்டியில் மருந்து சூடேறி வேகம் கூடும், குண்டின் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும். நிழலில் மூடி வைத்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள்.

வேகத்தையே நம்பிப் போன வழியும் ஒன்று உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்.பி. 100 என்று ஒரு பிஸ்டல் கொண்டுவந்தது. ரைஃபிள்போலத் தாழ்ப்பாள் இழுத்துப் போடும் அமைப்பு, நைலான் கட்டை, பத்தரை அங்குலக் குழல். அதற்கென்றே செய்த பாயின்ட் டூ டூ ஒன் ஃபயர்பால் தோட்டாவில் குண்டின் எடை 3.2 கிராம், வேகம் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல். துவாரம் ஏறக்குறைய நம் சிறு பிஸ்டலுடையதுதான், வேகம் இரண்டரை மடங்குக்கும் மேல். இது ஒலி எல்லையைத் தொட்டுக்கொண்டு தடுமாறுவதில்லை. 200 மீட்டருக்கு அப்பாலும் ஒலியைவிட வெகு வேகமாகவே போகும். பாதை ஏறக்குறைய நேர்கோடு. தொலைவைத் தவறாக மதிப்பிட்டாலும் குண்டு அதிகம் விலகாது. தொலைவு தெரியாத இடத்தில் வேகம் பெரிய வரம்தான்.

1976-இல் எல்ஜின் கேட்ஸ் என்பவர் முன்னின்று கைத்துப்பாக்கிகளுக்கான உலோக உருவச் சங்கத்தை அமெரிக்காவில் தொடங்கினார். இரும்பு உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் அந்த ஆட்டம் முதலில் மெக்சிகோவில் ரைஃபிளால் ஆடியது. இரும்பில் வெட்டிய கோழி 50 மீட்டரில், பன்றி 100-இல், வான்கோழி 150-இல், செம்மறிக் கடா 200-இல். மல்லாந்து படுத்து, மடக்கிய காலோடு பிஸ்டலை அணைத்துச் சுடலாம். தாம்சன் சென்டர் கன்டெண்டர் என்ற ஒற்றைக்குழல் பிஸ்டல் இந்த ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தது. இங்கே உருவத்தில் பட்டால் மட்டும் போதாது, அது விழ வேண்டும். கனமான இரும்புக் கடாவை 3 கிராம் குண்டு எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் உறுதியாகச் சாய்க்க முடிவதில்லை. சாய்ப்பதற்கு வேண்டியது நிறையும் வேகமும் பெருகிய உந்தம். அதனால் ஆட்டக்காரர்கள் 7 மில்லிமீட்டர் துவாரத்துக்கும், சற்றுக் குறைந்த வேகத்தில் போகும் இரண்டு மூன்று மடங்கு கனமான குண்டுக்கும் மாறினார்கள். பாயின்ட் டூ டூக்காரர்களுக்குப் பாதி அளவு உருவங்களைப் பாதித் தொலைவில் வைத்துத் தனிப் பிரிவு உண்டாயிற்று. இன்றும் அதில் சாதாரணத் தோட்டாவால் நூறு மீட்டரை ஒட்டிய தொலைவில் கடாவைச் சாய்க்கிறார்கள்.

மீண்டும் நம் 50 மீட்டருக்கு வருகிறேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் அலெக்சாண்டர் மெலன்டியேவ் 600-க்கு 581 எடுத்தார். 34 ஆண்டுகள் அந்தச் சாதனையை யாரும் தாண்டவில்லை. இடையில் துப்பாக்கிகள் மாறின, மின்சார டிரிகர் வந்தது, தோட்டாத் தொழிற்சாலைகள் நவீனமாயின. 2014-இல் ஸ்பெயினின் கிரனாடா நகரில் நடந்த உலகப் போட்டியில்தான் ஜின் ஜோங் ஓ 583 எடுத்தார். 34 ஆண்டு முன்னேற்றத்துக்கு வெறும் இரண்டு புள்ளி. துல்லியத்தின் பெரும்பகுதி மனிதரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. அதே கிரனாடாவில் வெள்ளி வாங்கியவர் நம் ஜிது ராய். அதே ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலும், இன்சியான் ஆசியப் போட்டியிலும் இதே 50 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வென்றார். 2018-இல் சாங்வான் உலகப் போட்டியில் ஓம் பிரகாஷ் மித்தர்வால் 564 எடுத்துத் தங்கம் கொண்டுவந்தார். இந்தியர்களுக்குக் கைவந்த போட்டி இது.

ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். ஆண், பெண் இருபாலருக்கும் சமமான எண்ணிக்கையில் போட்டிகள் வேண்டும் என்று 2017-இல் மாற்றியமைத்தபோது, ஆண்களுக்கு மட்டும் இருந்த 50 மீட்டர் பிஸ்டல் போய், கலப்பு அணிப் போட்டி வந்தது. சமத்துவம் வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பெண்களுக்கும் 50 மீட்டரைத் திறந்துவிட்டு அதைச் செய்திருக்கலாம் என்பது என் கருத்து. எங்கள் கிளப்பில் பெண் பிள்ளைகள் 50 மீட்டரில் நின்று சுடுவதை வந்து பார்த்தால் யாரும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

ஒலிம்பிக்கில் இல்லை என்றதும் பல ஊர்களில் 50 மீட்டர் பிஸ்டலுக்கு ஆள் குறைந்துவிட்டது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளரங்கில், காற்றே படாமல், அந்தக் குறுகிய தொலைவில் தோட்டாவின் குறையும் தெரியாது, வானத்தின் போக்கும் தெரியாது. ரைஃபிள் கிளப் நிர்வாகிகளுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். ரைஃபிளுக்காக வைத்திருக்கும் உங்கள் 50 மீட்டர் லேன்களில் ஒன்றிரண்டை வாரத்தில் ஒரு நாள் பிஸ்டல்காரர்களுக்கு ஒதுக்குங்கள். கிளப் பொதுவில் ஒரு குரோனோகிராஃபும், துப்பாக்கியைக் கட்டிச் சுட ஒரு பிடியும் வாங்கி வையுங்கள். அங்கே பிள்ளைகள் தங்கள் தோட்டாவைத் தாங்களே அளந்து, எழுதி, கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியை வாங்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.